தண்ணியில் எரிந்த விளக்கும் அணையாத அடுப்பும்

 

தைப்பூசம்னா நமக்கு முதல்ல பழனிதான் ஞாபகம் வரும். பாதயாத்திரை, காவடி, பால்குடம். அதே தைப்பூசத்தன்னைக்கு கடலூர் மாவட்டம் வடலூர்லயும் லட்சக்கணக்கான ஜனங்க கூடுறாங்க. ஏழு திரை விலகி ஒரு ஜோதி தெரியறதைப் பார்க்க இருட்டோட வந்து காத்து நிக்கறாங்க. அந்த ஜோதியை வச்ச வள்ளலார் இராமலிங்க அடிகள், சின்ன வயசுல நம்மளை மாதிரியே ஒரு முருகப் பித்தர். அவர் வாய் முதல்ல பாடப் பழகினதே முருகனைத்தான். நம்ம பசங்க பல பேருக்கு இது தெரியாது. அதனால இந்தப் பதிவு அவரைப் பத்தி.

எழுதறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் போச்சம்பள்ளிக்காரன். இன்ஜினியரிங் முடிச்சிட்டு மென்பொருள் வேலை பார்க்கறேன். கூடப் படிச்சவங்க சில பேர் பெங்களூர்ல, சில பேர் ஓசூர்ல, சில பேர் நம்ம சிப்காட்லயே இருக்காங்க. எல்லாருக்கும் வயசு முப்பதை நெருங்குது. சம்பளம் வருது, இஎம்ஐ போகுது. ராத்திரி போன்ல பேச ஆரம்பிச்சா, எங்கே சுத்தினாலும் பேச்சு ஒரே இடத்துல வந்து நிக்குது. இதெல்லாம் எதுக்காக?

இது நம்ம செட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. கனடாவுல டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்வேக்கி இந்த அர்த்த நெருக்கடியைப் பத்தி 2019ல யூடியூப்ல 50 பாகமா பேசினார். உலகம் பூரா இளைஞர்கள் பார்த்தாங்க. அவர் சொல்றதை நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்: அர்த்தம் நம்ம மண்டைக்குள்ள மட்டும் இல்ல, வெளியில தனியாவும் கிடக்கல. நமக்கும் உலகத்துக்கும் நடுவுல இருக்கிற உறவுல அது உருவாகுது.

அந்த உறவை 150 வருஷத்துக்கு முன்னாடியே வாழ்ந்து காட்டினவர் வள்ளலார். அவர் அதுக்கு வச்ச பேர் ஜீவகாருண்யம்.

கண்ணாடிக்கு முன்னாடி ஒரு பிடி சோறு

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5. ஊர் மருதூர், வடலூருக்குப் பக்கம். அப்பா இராமையா பிள்ளை கிராமக் கணக்கர், பிள்ளைங்களுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தவர். அம்மா சின்னம்மை. அஞ்சு பிள்ளைகள்ல இவர்தான் கடைசி. குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள அப்பா காலமாயிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பொன்னேரிப் பக்கம் போய், அப்புறம் சென்னைக்கு வந்தாங்க. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செஞ்சு குடும்பத்தைக் காப்பாத்தினார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவுல குடியிருந்தாங்க.

தம்பி நல்லா படிச்சு முன்னுக்கு வரணும்னு அண்ணனுக்கு ஆசை. தன் குருவான காஞ்சிபுரம் மகாவித்வான் சபாபதி முதலியார்கிட்டயே படிக்க அனுப்பினார். தம்பி போனது கந்தகோட்டத்துக்கு. முருகன் சந்நிதி முன்னாடி நின்னு தானாவே பாட்டுக் கட்டிப் பாடிக்கிட்டிருந்தார். வித்வான் ஒருநாள் அதைக் கேட்டுட்டு, இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லைன்னு அண்ணன்கிட்ட வந்து சொல்லிட்டாராம். அண்ணன் சமாதானம் ஆகல. படிக்காத பிள்ளைக்கு வீட்ல இடமும் இல்ல, சோறும் இல்லைன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

நம்ம வீடுகள்லயும் இது நடக்கறதுதானே. மார்க் வரலன்னா வீடே ஒரு மாதிரி ஆயிடும். அப்போ அப்பாவுக்குத் தெரியாம யாராவது ஒருத்தர் தட்டுல சோறு போட்டு நம்ம பக்கம் தள்ளுவாங்க. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு அண்ணி இருந்தாங்க. பாப்பாத்தி அம்மாள். கணவருக்குத் தெரியாம பின்வாசல் வழியா கூப்பிட்டு சோறு போட்டுக்கிட்டே இருந்தாங்க. மாமனாரோட திதி வந்தது. வந்தவங்க எல்லாரும் விருந்து சாப்பிட்டுப் போயாச்சு. சொந்த அப்பா திதியில மகன் மட்டும் கொல்லைப்புறத்துல ஒளிஞ்சு சாப்பிடறதைப் பார்த்து அண்ணிக்குத் தாங்கல, அழுதுட்டாங்க. வீட்டுக்கு வந்து படிங்கன்னு கெஞ்சிக் கேட்டாங்க.

அந்தக் கண்ணீருக்காகப் பிள்ளை வீட்டுக்கு வந்தார். மாடியில ஒரு அறையைக் கேட்டு வாங்கினார். புத்தகத்தோட ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும் பூமாலையும் வேணும்னார். கண்ணாடிக்கு மாலை சாத்தி, விளக்கேத்தி, எதிர்ல உட்கார்ந்தார். கண்ணாடியில தன் முகம் தெரியல. திருத்தணி முருகன் தெரிஞ்சார். அப்போ அவருக்கு வயசு 9.

இந்தக் கண்ணாடிக் கதையைப் பல பேர் சொல்லுவாங்க. அதுக்கு முந்தின வரியை விட்டுடுவாங்க. தரிசனத்துக்கு முன்னாடி ஒரு பசி இருந்தது. அந்தப் பசிக்கு ஒரு அம்மா போட்ட சோறு இருந்தது.

இன்னொரு சம்பவத்துலயும் இதேதான். இளவயசுல தினமும் திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்து போய் வருவார். ஒருநாள் ராத்திரி நேரமாயிடுச்சு. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. எழுப்ப மனசில்லாம பசியோட திண்ணையில படுத்துட்டார். அண்ணி வந்து எழுப்பி, இலையில சோறு போட்டு, சாப்பிட வச்சுட்டுப் போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உண்மையான அண்ணி கதவைத் திறந்து சாப்பிடக் கூப்பிட்டாங்க. முதல்ல வந்தது திருவொற்றியூர் வடிவுடையம்மன்னு அடியார்கள் சொல்றாங்க. அம்மன் வரம் எதுவும் தரல, மந்திரம் எதுவும் சொல்லல. சோறு போட்டுட்டுப் போயிட்டா.

சென்னையை விட்டுக் கிளம்பியவர்

ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. முத்தியாலுப்பேட்டையில ஒரு செட்டியார் வீட்டுல பெரிய புராணச் சொற்பொழிவு நடக்க வேண்டியிருந்தது. நான் வரலன்னு சொல்லி ரெண்டு பாட்டு மட்டும் பாடிட்டு வந்துடுன்னு தம்பியை அனுப்பினார். தம்பி திருஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்துப் பேச, கூட்டம் அசையாம உட்கார்ந்து கேட்டது. இனிமே இவரே பேசட்டும்னு கேட்டுக்கிட்டாங்க. அண்ணன் மறுநாள் மறைஞ்சு நின்னு கேட்டுட்டு, தம்பி யாருன்னு அப்போதான் புரிஞ்சுக்கிட்டாராம்.

அங்கேயே இருந்திருந்தா சென்னையில பெரிய புராணிகரா, பேரும் பணமுமா வாழ்ந்திருக்கலாம். புத்தகம் பதிப்பிச்சார், உரைநடை எழுதினார், மாணவர்கள் சேர்ந்தாங்க. தொழுவூர் வேலாயுத முதலியார் மாதிரி பெரிய தமிழறிஞர் சீடரா வந்தார். 1850ல வீட்டுக்காரங்க வற்புறுத்தி அக்கா மகள் தனக்கோடியைக் கல்யாணமும் செஞ்சு வச்சாங்க. ஆனா இல்லறத்துல அவர் மனசு ஒட்டல. தனக்கோடி அம்மாளோட வாழ்க்கை என்ன ஆச்சுன்னு நான் யோசிக்கறது உண்டு. மகான்களோட கதையில அந்தப் பக்கம் அநேகமா எழுதப்படாமயே போயிடுது.

1858ல சென்னையை விட்டுக் கிளம்பினார். சிதம்பரம் போய் நடராஜரை வணங்கிட்டு, வடலூர்ப் பக்கம் கருங்குழி கிராமத்துல வேங்கட ரெட்டியார் வீட்டுல தங்கினார். 1867 வரைக்கும் அந்தக் கிராமம்தான் அவர் இடம். வெள்ளை வேட்டியால உடம்பையும் தலையையும் மூடிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, அதிர்ந்து பேசாம நடக்கற ஒரு மனுஷர்.

கருங்குழியில நடந்ததுதான் நம்ம ஸ்டேட்டஸ்ல எல்லாம் வர்ற அற்புதம். ராத்திரி எழுதறதுக்கு அவர் விளக்கு வச்சிருப்பார். ரெட்டியார் மனைவி முத்தியாலம்மாள் தினமும் எண்ணெய்க் கலயத்தை நிரப்பி வைப்பாங்க. ஒருநாள் அந்த அம்மா ஊர்ல இல்ல. பக்கத்துல இருந்த தண்ணிக் கலயத்தை எண்ணெய்ன்னு நினைச்சு விளக்குல ஊத்திக்கிட்டே எழுதினார். விளக்கு விடிய விடிய எரிஞ்சது.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். தண்ணி எரியுமான்னு என்னைக் கேட்டா எனக்கு என்ன பதில் தெரியும்? அந்த விவாதத்துக்குள்ள நான் போகல. நம்பறவங்க நம்பட்டும். ஆனா அவரோட அற்புதங்கள்ல எது பெருசுன்னு கேட்டா நான் இந்த விளக்கைச் சொல்ல மாட்டேன். அது ஒரு ராத்திரி எரிஞ்சது. இன்னொண்ணு இருக்கு, இன்னைக்கு வரைக்கும் எரியுது. நீங்களும் நானும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வரலாம்.

அணையாத அடுப்பு

1866ல சென்னை மாகாணத்துல பல பக்கம் மழை பொய்ச்சுப் பஞ்சம். தென்னார்க்காடு வறண்ட பூமி. கிராமம் கிராமமா நடந்து போற மனுஷர் என்ன பார்த்திருப்பார்னு யோசிங்க. பசியில ஒட்டிப்போன வயிறு, கேட்கக் கூச்சப்பட்டு வாசல்ல நிக்கற குடும்பம், கதிர் பிடிக்கற நேரத்துல தண்ணியில்லாம சாய்ஞ்சு கிடக்கற பயிர். எல்லாருக்கும் அது விளைச்சல் நஷ்டம். அவருக்கு அது ஒரு உயிர் தவிக்கறது. மனுஷப் பசியையும் பயிரோட தாகத்தையும் அவர் பாட்டுல ஒரே மூச்சுல வச்சு அழுதிருக்கார்.

அழுததோட நிறுத்தல. 1865லயே சன்மார்க்க சங்கம் ஆரம்பிச்சிருந்தார். வடலூர்ல பார்வதிபுரம் கிராமத்து ஜனங்ககிட்ட நிலம் கேட்டார். அவங்க 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தாங்க. இன்னைய கணக்குல 100 ஏக்கருக்கு மேல. பெரிய ராஜா ஜமீன்தார் கொடுத்தது இல்ல, ஊர் ஜனங்க கொடுத்தது. 1867 மே 23ல சத்திய தருமச்சாலை திறந்தது. அன்னைக்கு ஏத்தின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையல. சாதி கேட்கறதில்ல, மதம் கேட்கறதில்ல, எந்த ஊர்னு கேட்கறதில்ல. வந்தவங்களுக்குச் சோறு. 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. சர்வர் ஒரு நாள் டவுன் ஆகாம ஓடினாலே எங்க டீம்ல பெருமையாப் பேசுவோம். ஒரு அடுப்பு இத்தனை வருஷம் அணையாம இருக்குன்னா, அதுக்கு விறகு போட்டுக்கிட்டே, அரிசி கொண்டு வந்துக்கிட்டே எத்தனை தலைமுறைக் கை மாறியிருக்கணும்?

இப்போ ஒரு முக்கியமான விஷயம். பசியைப் பத்தி வள்ளலார் யோசிச்ச மாதிரி யாரும் யோசிச்சதா எனக்குத் தெரியல. ஜீவகாருண்ய ஒழுக்கம்னு ஒரு உரைநடை நூல் எழுதினார். அதுல பசி வந்தா உடம்புல என்னென்ன நடக்கும்னு டாக்டர் ரிப்போர்ட் மாதிரி வரிசையாச் சொல்றார். அறிவு மங்கும், கண் பஞ்சடையும், காது அடைக்கும், நாக்கு உலரும், கை கால் சோரும். சோறு உள்ள போனதும் அதெல்லாம் எப்படித் திரும்ப வருதுன்னும் சொல்றார். பசி நீங்கின முகத்துல தெரியற தெளிவைக் கடவுள் விளக்கம்ங்கறார். அவர் கணக்குல அதைப் பார்க்கறதும் ஒரு தரிசனம்தான்.

இன்னொண்ணு சொல்றார். அதுதான் என்னைப் புரட்டிப் போட்டது. பசியே கடவுள் கொடுத்த ஒரு உபகாரக் கருவிங்கறார். பசின்னு ஒண்ணு இல்லைன்னா ஒரு உயிர் இன்னொரு உயிரை எதிர்பார்க்காது. எதிர்பார்க்கலன்னா உதவி இருக்காது. உதவி இல்லைன்னா கருணை விளங்காது. கருணை இல்லாத இடத்துல கடவுள் அருளும் விளங்காது. அதாவது நமக்குக் குறைன்னு தோணற விஷயம்தான் நம்மளை ஒருத்தரோட ஒருத்தர் கட்டிப்போடற கயிறு.

எதுக்காக வாழறோம்னு ரூம்ல தனியா உட்கார்ந்து யோசிச்சா விடை வராததுக்குக் காரணம் எனக்கு இங்கேதான் புரிஞ்சது. அந்தக் கேள்விக்கு விடை யோசனையில வர்றது இல்ல. உன்னை எதிர்பார்த்து ஒரு உயிர் நிக்கும்போது நீ எழுந்து போறே பாரு, அதுல வருது.

பயிரும் உயிர்தானே

சரி, உயிர்க்கொலை கூடாதுங்கறாரே, செடி கொடியும் உயிர்தானே, அதை மட்டும் சாப்பிடலாமான்னு கமெண்ட்ல கேட்கப் போறீங்க. இந்தக் கேள்வியை அவரே எழுப்பி அவரே பதில் சொல்லியிருக்கார். தாவரம் தொடு உணர்ச்சி மட்டும் உள்ள ஓரறிவு உயிர். விதைக்குள்ள உயிர் விளங்கறதில்ல, அது நிலத்துல விழுந்து முளைக்கும்போதுதான் விளங்குது. காய், பழம், இலை பறிக்கறது உயிரை எடுக்கறது ஆகாது, நகம் முடி வெட்டற மாதிரிதான்னு விளக்கறார். இன்னைய தாவரவியல் இதை எப்படிப் பார்க்கும்ங்கறது வேற பேச்சு. நான் கவனிச்சது, அந்தக் கேள்வியே அவரை உறுத்தியிருக்கு. இட்லியை எடுத்து வாயில வைக்கறதுக்கு முன்னாடி உளுந்துக்கு வலிச்சிருக்குமான்னு யோசிச்ச மனுஷர்.

நம்ம பொறுப்புல இருக்கிற ஆடு மாட்டுக்கும், செடி கொடிக்கும் கூட பசி தாகம் தீர்க்க வேண்டியது நம்ம கடமைன்னும் சொன்னார். நார்வே நாட்டு தத்துவ அறிஞர் ஆர்னே நேஸ், மனுஷனுக்குப் பயன்படறதால மட்டும் இயற்கைக்கு மதிப்பு வரல, அதுக்குன்னே ஒரு மதிப்பு இருக்குன்னு 1973ல எழுதினார். அதை ஆழ்ந்த சூழலியல்னு உலகம் கொண்டாடுது. வள்ளலார் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வரப்பு மேல நின்னு அதை உணர்ந்தவர்.

அவருக்கு மூலிகை அறிவும் உண்டு. நூத்துக்கணக்கான செடிகளோட குணத்தை எழுதி வச்சிருக்கார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, இதெல்லாம் அவர் தினம் சேர்த்துக்கச் சொன்ன கீரைகள். நம்ம ஊர் வரப்புல தானா முளைக்கறதுதான். அதுக்கு நாம வச்சிருக்கிற பேர் களை. அதுக்குன்னு மருந்து வாங்கி அடிக்கறோம்.

புலால் விஷயத்தை மறைச்சு எழுத எனக்கு விருப்பமில்ல. நம்ம போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமைச் சந்தை எவ்வளவு பேமஸ்னு எல்லாருக்கும் தெரியும். ஆடு கோழி வாங்க எங்கிருந்தெல்லாமோ வருவாங்க. ஆடு வளர்த்து வித்துதான் பல வீட்டுல பிள்ளைங்க காலேஜ் பீஸ் கட்டறாங்க. அவங்களைக் குறை சொல்ல நான் யாரு? ஆனா வள்ளலார் இதுல ஒரு அடி கூட இறங்கி வரல. கொலையையும் புலாலையும் விட்டவங்கதான் தன் சபைக்குள்ள வரலாம்னு வச்சார். அதே சமயம் பசின்னு வந்தவங்களுக்குச் சோறு போட அந்தக் கணக்கையெல்லாம் பார்க்கக் கூடாதுன்னார். சபை வாசல்ல கண்டிப்பு, சாலை வாசல்ல கருணை. இந்த ரெண்டும் ஒரே மனுஷர்கிட்ட இருந்ததை மட்டும் ஞாபகத்துல வச்சுக்குங்க.

முருகனை விட்டுட்டாரா?

அவர் பாடல்கள் 1867ல திருவருட்பான்னு புத்தகமா வந்ததும் பெரிய சர்ச்சை கிளம்பிச்சு. எதிர்த்தவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். அவரும் சாதாரண ஆள் இல்ல, சைவத்துக்கும் தமிழுக்கும் வாழ்க்கையையே கொடுத்தவர். புதுசா ஒருத்தர் பாடினதை அருட்பா, திருமுறைன்னு சொல்றதை அவரால ஏத்துக்க முடியல. 1869ல கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் வழக்கு போச்சு. ரெண்டு பேர் காலத்துக்கு அப்புறமும் அந்தச் சண்டை ஓடினது. ஆன்லைன்ல நாம போடற சண்டையெல்லாம் புதுசு இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம்.

நமக்குக் கஷ்டமான கேள்வி வேற. வள்ளலார் கடைசிக் காலத்துல சமய வேற்றுமைகளை, தனித்தனி சாமி சடங்குகளைக் கடந்து வரச் சொன்னார். உருவமில்லாத அருட்பெருஞ்ஜோதியே கடவுள்னார். அப்போ கந்தகோட்டத்துல உருகின பிள்ளை முருகனை விட்டுட்டாரா?

பதிலை அவர் கட்டின சபையிலயே பார்க்கலாம்னு நினைக்கறேன். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்னைக்கு வடலூர்ல சத்திய ஞானசபை திறந்தது. எட்டுப்பக்கம் கொண்ட கட்டடம். உள்ள சிலை இல்ல. ஏழு நிறத் திரை. திரையெல்லாம் விலகினா ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி, அதுல தெரியற தீபம். கவனிச்சீங்களா? ஏழுகிணறு மாடியில ஒன்பது வயசுப் பிள்ளை மாட்டின அதே கண்ணாடி, அதே விளக்கு. அன்னைக்கு அது அவர் ஒருத்தருக்காக. இப்போ யார் வந்தாலும் பார்க்கலாம். அன்னைக்குத் தன் முகம் தெரிய வேண்டிய இடத்துல முருகன் தெரிஞ்சார். அதுக்கப்புறம் பசிச்சவன் முகம், காய்ஞ்ச பயிர், எதைப் பார்த்தாலும் அதே வெளிச்சம் தெரிஞ்சிருக்கு. அவர் முருகனை விடல. முருகன் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள அடங்கலன்னு நான் எடுத்துக்கறேன். சன்மார்க்க அன்பர்கள் வேற மாதிரி சொல்லலாம். அவங்க சொல்றதையும் மரியாதையா கேட்டுக்கணும்.

1870லேர்ந்தே பக்கத்து மேட்டுக்குப்பத்துல சித்திவளாகம்னு ஒரு சின்ன வீட்டுல தங்கியிருந்தார். 1873 கார்த்திகையில, அறைக்குள்ள வச்சிருந்த விளக்கை வெளிய கொண்டு வந்து வச்சு, இதை வழிபடுங்கன்னு சொன்னார். 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, தைப்பூசம். அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். அப்போ வயசு 50. அப்புறம் அதிகாரிங்க வந்து திறந்தப்போ உள்ள யாரும் இல்லைன்னும், அவர் ஜோதியில கலந்துட்டார்னும் அடியார்கள் நம்பறாங்க.

அவர் போன பிறகு

ரெண்டு வருஷம் கழிச்சு 1876லேர்ந்து 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவுல பல லட்சம் பேர் செத்துப்போனாங்க. நம்ம கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கமெல்லாம் அப்போ சேலம் மாவட்டம். 1871க்கும் 1881க்கும் நடுவுல அந்த மாவட்டத்து ஜனத்தொகை 3 லட்சத்துக்கு மேல குறைஞ்சது. நம்ம கொள்ளுத்தாத்தாவோட தாத்தா அதுல தப்பிச்சவர், அதனாலதான் இன்னைக்கு நாம இருக்கோம். அந்த நாள்ல யாரோ ஒருத்தர் அவருக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்தியிருக்கணும். அந்தப் பேர் நமக்குத் தெரியாது. தருமச்சாலை அடுப்பைப் பத்தி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேர் தெரியாத கைதான் மனசுல வருது.

அவர் பயிருக்காக அழுத அதே வட்டாரத்துல, 2023 ஜூலையில வளையமாதேவியில சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ன வயலுக்குள்ள எந்திரங்கள் இறங்கின. சென்னை உயர் நீதிமன்றத்துல இந்தப் பேச்சு வந்தப்போ, நீதிபதியே வள்ளலாரை நினைவுபடுத்தி வேதனைப்பட்டார். கரண்டும் வேணும், கம்பெனியும் வேணும். அது இல்லாம என் லேப்டாப்பே ஓடாது. ஆனா கதிர் வர்ற பயிர் அறுவடை ஆகற வரைக்கும் பொறுக்க முடியலன்னா, நமக்கும் மண்ணுக்கும் நடுவுல ஏதோ ஒரு கயிறு அறுந்துடுச்சுன்னுதான் அர்த்தம்.

நம்ம பக்கம் அந்தக் கயிறு இன்னும் முழுசா அறுகல. 2024 கோடையில வெயில் கொளுத்தினப்போ கிருஷ்ணகிரி மாவட்டத்துல மாமரமே காய்ஞ்சது. தோப்புக்காரங்க டேங்கர்ல தண்ணி விலைக்கு வாங்கி மரத்துக்கு விட்டாங்க. எங்க பக்கத்துல ஒரு பெரியவர் அப்படித் தண்ணி விடறதைப் பார்த்தேன். காய் அந்த வருஷம் வராதுன்னு அவருக்கே நல்லாத் தெரியும். போட்ட காசு திரும்பாது. எக்செல்ல போட்டுப் பார்த்தா நஷ்டம்தான். ஆனா அவர் முகத்துல எதுக்காக வாழறோம்ங்கற குழப்பம் துளி கூட இல்ல. மரத்துக்குத் தாகம், அவர்கிட்ட தண்ணி. அவ்வளவுதான் அவர் கணக்கு. அவர் வள்ளலாரைப் படிச்சவரான்னு நான் கேட்கல.

மக்களே, நாமெல்லாம் சஷ்டி விரதம் இருக்கிறவங்க. ஆறு நாள் பட்டினி கிடந்தா வயிறு எப்படி எரியும்னு நமக்குத் தெரியும். அந்த எரிச்சல் நாமளா தேடிக்கிட்டது, சூரசம்ஹாரம் முடிஞ்சா தீர்ந்துடும். தேடாமயே தினம் அந்த எரிச்சலோட இருக்கிற ஒருத்தர் நம்ம தெருவுலயே இருப்பார். சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற வடமாநிலத்துப் பையனா இருக்கலாம், தனியா இருக்கிற பாட்டியா இருக்கலாம். அடுத்த சஷ்டிக்கு நாம சாப்பிடாத அந்த ஒரு வேளைச் சோறு அவங்க இலைக்குப் போகட்டும். மாடியில ஒரு மண்சட்டியில குருவிக்குத் தண்ணி வைங்க. வாசல்ல வாடி நிக்கற செடிக்கு ஒரு சொம்பு ஊத்துங்க. பரிகாரம்னு செய்ய வேண்டாம், வேண்டுதல்னும் செய்ய வேண்டாம்.

வடலூர் போகணும்னு தோணுச்சுன்னா நம்ம பக்கத்துலேர்ந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, பண்ருட்டி வழியா போயிடலாம். மாசப் பூசத்தன்னைக்கு ஆறு திரை விலக்கி ஜோதி காட்டுவாங்க, ஏழும் விலகறது தைப்பூசத்துக்கு மட்டும். தருமச்சாலைக்குப் பூசம் கிழமை எதுவும் பார்க்க வேண்டாம், எந்த நாளும் போகலாம். அடுப்பைப் பார்த்துட்டு, பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டு வாங்க. முடிஞ்சா ஒரு மூட்டை அரிசி கொண்டு போங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!